மிரள்வதைப் பார்க்கத்தான் நிற்கிறேன்

நிற்க வேண்டும் அண்ணா. கட்டாயம் நிற்க வேண்டும். டாக்டர் குதிரையைத் தொட்டுப் பார்க்கிற நேரம் முழுக்க, வாங்குகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் சரி, வீட்டில் எழவே விழுந்தாலும் சரி. கரூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு, "நானும் இருக்கணுமா, டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாப் போதாதா" என்று கேட்கிறீர்களே, எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு... சரி, உட்காருங்கள். டாக்டர் இன்னும் வரவில்லை. பவானியிலிருந்து வர வேண்டும். வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டுத்தான் பின்னால் லாயத்துக்குப் போயிருக்கிறார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். டீயைக் குடியுங்கள்.

என் பேர் துளசிமணி. பதினேழு முடிந்துவிட்டது. பதினொன்றாவதில் பாதியில் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். ஒரே விஷயத்தைச் சொல்ல அந்தக் கணக்கு டீச்சர் முக்கால் மணி நேரம் எடுப்பார். எனக்குப் பொறுமை கிடையாது. பொய்யும் வராது. குதிரையை விற்கலாம் என்று சித்தப்பா ஆரம்பித்தபோதே சொல்லிவிட்டேன், வருகிற ஆளிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று. அவர் கோபப்படவே இல்லை. "சொல்லு அம்மிணி. ஒண்ணு விடாம, நிதானமாச் சொல்லு" என்றார். தேவராசு சித்தப்பா மாதிரி நல்ல மனுஷன் கிடைக்க மாட்டார்.

அதனால் சொல்கிறேன். நீங்கள் வாங்க வந்திருக்கிற துரைதான் எங்கள் அப்பாவின் இடுப்பை உடைத்த குதிரை.

முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? முழுசாகக் கேளுங்கள். துரைக்கு முதுகில் பழைய அடி. சேணப்பட்டை அழுத்துகிற இடத்தில், உள்ளே. வெளியே தழும்பு தெரியாது. சும்மா நிற்கும்போது ஒன்றும் செய்யாது, வண்டியில் பூட்டினால் வலி ஏறும். வலி ஏறினால் அதற்கு ஆளும் தெரியாது, பேரும் தெரியாது. ஆறு மாதமாக வண்டியில் பூட்டவில்லை, ஆறிவிட்டது என்கிறார் சித்தப்பா. ஆறியிருக்கலாம், ஆறாமலும் இருக்கலாம். அதைத்தான் டாக்டர் பார்க்கப் போகிறாரே. நீங்களும் கூட நின்று பார்க்கப் போகிறீர்களே. உங்களுடையது சாரட்டு வண்டி. கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள், சொந்தக்காரப் பொடிசுகள் ஏழெட்டு ஏறிக்கொள்ளும், பின்னால் பேண்டு, முன்னால் சரவெடி. நீங்கள்தான் சொன்னீர்கள், உங்கள் சின்னப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன் என்று. எத்தனை வயசு? ஆறா? அப்படியென்றால் நீங்கள் நிற்காமல் வேறு யார் நிற்பது?

எங்கள் அப்பா நின்றார். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ராக்கியண்ணன் என்று கேட்டுப் பாருங்கள், குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு அப்பாவும் நானும்தான் போனோம். துரையை விற்க வந்தவர் வையாபுரி என்று ஓர் ஓமலூர்க்காரர். சுழி சுத்தம், பல் சுத்தம், நிறம் அப்படி ஒரு செவலை. துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலையும் படிந்துவிட்டது. இனி கயிறு மாற வேண்டியதுதான் பாக்கி. எங்கள் பக்கம் அது எப்படியென்றால், விற்கிறவன் கயிற்றை நீட்டுவான், வலது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் முடிந்தது. அப்புறம் குதிரை செத்தாலும் பிழைத்தாலும் வாங்கினவன் பாடு. முதலில் எவன் கை கயிற்றைப் பிடிக்கிறதோ அவன் குதிரை. பெற்ற அப்பனே வந்தாலும் பிடுங்கக் கூடாது. எழுத்து, கையெழுத்து எதுவும் வேண்டாம்.

அதனால்தான் அப்பா, "டாக்டர் பாக்கட்டும், அப்புறம் கயிறு" என்றார். சந்தைக்கு வந்திருந்த ஒரு டாக்டரை அழைத்து வந்தோம். வயசானவர். அப்போது வையாபுரி சொன்னார், "நீங்க நெழல்ல நில்லுங்ண்ணா. புது ஆளு கிட்ட நின்னா குதிரை மிரளும்."

அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மிரளட்டும். மிரள்றதப் பாக்கத்தான் நிக்கறேன்."

அப்படி நின்றவர் அண்ணா. டாக்டர் கண் பார்த்தார், பல் பார்த்தார், நாலு குளம்பையும் தட்டிப் பார்த்தார். அப்பா நகரவே இல்லை. அடுத்தது முதுகை அழுத்திப் பார்க்க வேண்டும், வண்டியில் பூட்டிப் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் விலகிப் போக வேண்டியதாகிவிட்டது.

அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எனக்குப் பசித்தது. பக்கத்தில் டீக்கடைக்குப் போய் வடை தின்றுகொண்டிருந்தேன். சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தன் வந்தான். இருபது, இருபத்திரண்டு இருக்கும். என் காலில் டீயை ஊற்றினான். தெரியாமல் ஊற்றியிருப்பான் என்று விட்டேன். அப்புறம், "வண்டி ஓட்டறதுக்கு உங்க ஊட்டுல ஆம்பளையே இல்லையாக்கும்" என்றான். அதையும் விட்டேன், வாயில் வடை இருந்தது. மூன்றாவதாக, "உங்கப்பன் இந்த வருசம் சக்கரத்துல மாட்டிச் சாவான், நீ வேணா எங்க ஊட்டுக்கு வந்துரு" என்றான். டீ மாஸ்டர் பக்கத்தில் பால் காய்ச்சுகிற போசி இருந்தது. பித்தளை. அதை எடுத்து மூக்கிலேயே போட்டேன். பால் கொஞ்சம் எனக்கும் தெறித்தது, இதோ இந்தத் தழும்பு. அவன் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனை இன்னும் இரண்டு போட்டேன். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. யாரோ போய் அப்பாவிடம், உன் பெண்ணைப் போட்டு அடிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னை யார் அடித்தது? நான்தானே அடித்தேன். அப்பா குதிரையை விட்டுவிட்டு ஓடி வந்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குப் பஞ்சாயத்து. என்னை இழுத்துக்கொண்டு வெளியே வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. அது வேறு கதை. அதை விடுங்கள்.

எங்கே விட்டேன்? குதிரை. நாங்கள் திரும்பிப் போனபோது துரையை வண்டியில் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். அசையவே இல்லை. கோயிலில் வேண்டிக்கொண்டு விட்ட மண் குதிரை மாதிரி நின்றது. டாக்டர், "நல்லா அழுத்திப் பாத்துட்டேன். வண்டியும் பூட்டியாச்சு. சாதுவான குதிரை" என்றார். அதன் கீழ் உதடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். "தூங்குமூஞ்சியாட்ட இருக்குதுங்ப்பா" என்றுகூடச் சொன்னேன். "சாதுக் குதிரைக்கு அப்படித்தான் இருக்கும் அம்மிணி" என்று வையாபுரி சிரித்தார். அப்பாவின் சட்டையெல்லாம் அந்தப் பையனின் ரத்தம். அவன் ஆட்கள் வருவதற்குள் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். வலது கையை நீட்டிக் கயிற்றை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முடிந்தது.

பைக் சத்தமா? அது பால்காரர். இந்த நேரத்துக்குப் பின்பக்க வழியாகத்தான் வருவார். டாக்டர் என்றால் சித்தப்பா கூப்பிட்டிருப்பாரே. உட்காருங்கள், இன்னும் முக்கியமானதையே சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அப்பா வாய்க்கால் ரோட்டில் வைத்து வண்டியைப் பூட்டினார். நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். பட்டையை இழுத்துக் கட்டினார். துரை ஒரு சத்தம் போட்டது. குதிரை கனைக்கிற சத்தம் இல்லை, மனுஷன் கத்துகிற மாதிரி. பின்னங்கால் இரண்டும் ஒன்றாக வந்து அப்பாவின் இடுப்பில் விழுந்தது. மரம் முறிகிற சத்தம் கேட்டது. அவர் விழுந்தார். கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது, எப்போதும் சுற்றிக்கொள்வார், அது ஒரு கெட்ட பழக்கம். அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியது. சக்கரம் தொடையில் ஏறி இறங்கியது. மைல்கல்லில் மோதி வண்டி கவிழ்ந்த பிறகுதான் நின்றது. நான் ஓடிப் போய்ப் பார்க்கிறேன், தலையின் ஒரு பக்கத்தில் தோல் உரிந்து காதின் மேல் கிடக்கிறது. கண் திறந்திருந்தது. "உனக்கொண்ணும் ஆவலயே அம்மிணி" என்று கேட்டார். கேட்கிற கேள்வியா அது?

அப்புறம் நான் துரையை அடித்தேன். மறைக்க மாட்டேன். வண்டிக் கம்பி ஒன்று கழன்று கிடந்தது, அதை எடுத்து மூஞ்சியிலேயே அடித்தேன். ஏர்க்காலில் சிக்கி நகர முடியாமல் நின்றது, அதனால் எல்லா அடியும் விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் என் மேலெல்லாம் தெறித்தது. சித்தப்பா வந்து பிடித்து இழுக்கிற வரைக்கும் அடித்தேன். அடுத்த இரண்டு நாளும் லாயத்துக்குப் போய் அடித்தேன். நாலாம் நாள் போனபோது என்னைப் பார்த்ததும் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அதற்கப்புறம் அடிக்கவில்லை. இப்போது தவிடும் புல்லும் நான்தான் வைக்கிறேன். ஆனாலும் சுவரை உதைப்பதை மட்டும் அது விடவில்லை. பகலெல்லாம் டம் டம் என்று உதைக்கும், சுவரில் ஓட்டையே விழுந்துவிட்டது. பாருங்கள், இப்போது கொஞ்ச நேரமாக ஒரு சத்தம் இல்லை. நல்ல இடத்துக்குப் போகப் போகிறோம் என்று அதற்கே தெரிகிறதோ என்னவோ.

குதிரையைத் திருப்பிக் கொடுக்க ஓமலூருக்குப் போனோம், நானும் சித்தப்பாவும். "கயிறு மாறிருச்சுங்களே" என்றார் வையாபுரி. அந்த ஒரு வார்த்தைதான். அங்கே எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது யார் தெரியுமா? அந்தச் சிவப்புச் சட்டை. மூக்கில் பிளாஸ்திரி. வையாபுரிக்கு அக்கா மகனாம். இந்தச் சந்தை ஆட்களில் யாரைத் தொட்டாலும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமாகத்தான் இருப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான். மூக்கு உடைந்தவன் எதற்குச் சிரிக்கிறான்? இன்னொன்று போடலாம் என்று எழுந்தேன், சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தோடு நேராக அந்தச் சந்தை டாக்டர் வீட்டுக்குப் போனேன். எல்லாத் தப்பும் அவர் மேல்தானே? சாது என்று சொன்னது அவர்தானே? மருந்து அலமாரிக் கண்ணாடியை முதலில் உடைத்தேன். ஓடி வந்து, "யாரும்மா நீ" என்றார். சொன்னேன். அப்பாவுக்கு என்ன ஆனது என்பதையும் சொன்னேன். வெளுத்துவிட்டார். "நான் முதுகுல கை வைக்கப் போறப்ப வையாபுரி தடுத்தாரும்மா. வாங்கறவர் வரட்டும், அதுவரைக்கும் எளநி குடிங்கன்னு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாரு. கால் மணி நேரம் கழிச்சு வந்து அழுத்திப் பாத்தேன், அசையல" என்றார். இளநீர் குடித்தாராம். அதற்கு ஒன்று வைத்தேன். பல் ஒன்று வந்துவிட்டது. வாயில் ரத்தத்தோடு, "கீழ் உதடு தொங்கிட்டிருந்துச்சாம்மா? ஊசி போட்டிருப்பாங்க. எனக்குத் தோணாமப் போச்சே" என்றார்.

அது மட்டும் அவர் சொன்னதில் உபயோகமான விஷயம். நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. மயக்க ஊசி போட்ட குதிரைக்குத் தலை தாழ்ந்திருக்கும், கீழ் உதடு செத்த தோல் மாதிரி தொங்கும். அதைப் பார்த்தால் கயிற்றைத் தொடாதீர்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வந்திருப்பேன். ஆனால் அவர் இன்னொன்று கேட்டார். "உங்கப்பா கூடவே நின்னாரேம்மா, அந்த நேரத்துல எங்க போனாரு?" என்று கேட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கீழே தள்ளி மிதித்துவிட்டேன். அவர் வயசுக்கு அப்படி மிதித்திருக்கக் கூடாது. விலா எலும்பு இரண்டு போய்விட்டது. ஸ்டேஷனில் சித்தப்பா போலீஸ்காரர் காலில் விழுந்துதான் என்னை விடுவித்தார்.

போலீஸ்காரர் அப்பாவையும் ஆஸ்பத்திரியில் வந்து விசாரித்தார். டாக்டர் முதுகைப் பார்க்கும்போது நீங்கள் எங்கே போனீர்கள் என்று அதே கேள்வி. அப்பா, "ஒண்ணுக்குப் போயிருந்தனுங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எதற்கு அப்படிச் சொன்னார் என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை. ஒண்ணுக்கா போனார்? டீக்கடைக்குத்தானே வந்தார். தலையில் அடிபட்டதில் மறந்துவிட்டது போல. இப்போது வீட்டில், அதோ அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். எழுந்து நிற்க முடியாது. நான் சோறு கொண்டுபோனால் வாங்கித் தின்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். வலி அப்படி.

அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் நிற்க வேண்டும். யார் எங்கே கூப்பிட்டாலும் போகக் கூடாது. யார் என்ன பேச்சுக் கொடுத்தாலும்...

இதோ சித்தப்பாவே வந்துவிட்டார். ஏன் குதிரையோடு வருகிறார்? பின்னால் யாரது, கையில் பெட்டியோடு?

பால்காரர் இல்லை.

"எல்லாம் பாத்தாச்சுங்ண்ணா. டாக்டர் அழுத்திப் பாத்தாரு, வண்டி பூட்டிப் பாத்தாரு. நட்டு வச்ச கல்லாட்ட நிக்குது. கயிறு வாங்கிக்கங்க."

"வந்தாக் கூப்பிடறேன்னீங்களே சித்தப்பா?"

"புது ஆளு நின்னா மிரளும் அம்மிணி. அதான் நாங்களே பாத்துட்டம். நீதான் நல்லாப் பேசிட்டிருந்தியே."

அண்ணா, துரையின் வாயைப் பாருங்கள்.

நான் எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்? உங்கள் கையில் கடிகாரம் இருக்கிறதே, பார்த்துச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரமா?

டாக்டர் சார், நீங்கள் சொல்லுங்கள். "வந்ததும் எளநி குடிக்கச் சொன்னாருங்களா?" தலையை ஆட்டுகிறார். பார்த்தீர்களா, தலையை ஆட்டுகிறார்.

அந்தச் சிவப்புச் சட்டை எதற்குச் சிரித்தான் என்று கேட்டேனே அண்ணா. என் காலில் டீயை ஊற்றினான். நான் அடிக்க வேண்டும் என்றுதான் ஊற்றினான். அப்பா ஓடி வர வேண்டும் என்றுதான்.

கையை மடக்குங்கள். அந்தக் கயிற்றுக்குக் கையை நீட்டாதீர்கள். தள்ளி நில்லுங்கள்.

இதோ. வலது கையால் வாங்கிவிட்டேன். கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன், டாக்டரும் பார்த்தார், நீங்களும் பார்த்தீர்கள். "கயிறு மாறிருச்சு சித்தப்பா. இது இனி என் குதிரை. யாருக்கும் குடுக்க முடியாது."

"நாயே, உங்கப்பன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எவன்டி குடுப்பான்? உடு கயித்த. உடுங்கறேன்ல."

அடிக்கட்டும் அண்ணா, நீங்கள் குறுக்கே வராதீர்கள். இதற்கெல்லாம் எனக்கு வலிக்காது. இன்னொன்று அடியுங்கள் சித்தப்பா. உதடு கிழிந்தால் கிழியட்டும். நான் திருப்பி அடிக்கவில்லை, பார்க்கிறீர்கள்தானே? கையில் கயிறு இருக்கிறது.

நீங்கள் கிளம்புங்கள். உங்கள் பெண்ணுக்கு வேறு குதிரை பாருங்கள், பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். போகிற வழியில் அந்த ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். நான் பேசினது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். இத்தனை நாள் ஒருத்தரிடமும் சொல்லாமல் படுத்திருக்கிறார். ஒண்ணுக்குப் போனதாக எதற்குச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாகச் சொல்லுங்கள்.

அந்த டாக்டர் கேட்டாரே, உங்கப்பா எங்கே போனார் என்று. விலாவை மிதித்தேனே. என்னிடம்தான் அண்ணா வந்தார்.